உருவமும் எலும்பும்: சிறார்க்கான தொல்லுயிர்க் காட்சிகள் குறித்த ஒரு திறனாய்வு (அறந்தாங்கி வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தமிழக அருங்காட்சியகங்களில் தொல்லுயிர்களும் விலங்குகளின் உடலமைப்பும் சிறார்க்குக் காட்டப்படும் முறையை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. பேருருவச் சிலைகள் வியப்பைத் தருகின்றன. அவ்வுருவம் எந்தச் சான்றிலிருந்து பெறப்பட்டது என்பதை அவை சொல்வதில்லை. விளக்க அட்டைகள் பெயரைத் தருகின்றன; பார்க்கக் கற்றுத் தருவதில்லை. இவ்விரு குறைகளையும் புதுக்கோட்டை, அரியலூர், சென்னை ஆகிய இடங்களை முன்வைத்து ஆராயும் இக்கட்டுரை, அறந்தாங்கி வட்டாரக் குழந்தைக்கு அண்மையில் உள்ள விலங்குகளே தொல்லுயிர்க் கல்விக்குத் தக்க வாயில் என வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: அருங்காட்சியகம், தொல்லுயிர், புதைபடிவம், விலங்குடலமைப்பு, விளக்க அட்டை, கடற்பசு, அறந்தாங்கி.

முன்னுரை

புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910இல் சமஸ்தான ஆட்சியின்போது தொடங்கப்பட்டது. திருக்கோகர்ணத்தில் இயங்கிவரும் இவ்வருங்காட்சியகத்தில் சிற்பங்கள், செப்பேடுகள், நாணயங்கள், படைக்கலங்கள் ஆகியவற்றோடு விலங்கியல், நிலவியல் சார்ந்த பொருள்களும் இடம்பெற்றுள்ளன. தாவரவியல் பயின்ற கே. ஆர். சீனிவாசன் இங்குக் காப்பாட்சியராக இருந்து, பின்னர்ப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் குறித்த முன்னோடி ஆய்வுகளை வழங்கினார் என்பது நினைவுகூரத்தக்கது. இயற்கை அறிவியலும் தொல்லியலும் ஒரே கூரையின்கீழ் இருந்த காலத்தின் விளைவு அது.

அறந்தாங்கி இவ்வருங்காட்சியகத்தின் தொடக்க எல்லைக்குள் இருந்ததில்லை. சமஸ்தானத்திற்கு வெளியே, ஆங்கிலேய ஆட்சியின் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த ஊர் அது. 1974 சனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் அறந்தாங்கி வட்டம் இதனோடு சேர்ந்தது. சமஸ்தானத்திற்குக் கடற்கரை கிடையாது. அறந்தாங்கியோடு மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் ஆகிய பாக் நீரிணைக் கரையும் மாவட்டத்திற்குக் கிடைத்தது. ஆகவே, இன்று அறந்தாங்கியிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்து இவ்வருங்காட்சியகத்திற்கு வரும் பள்ளிக் குழந்தை, தன் கடலை அறியாத ஓர் அரசு நிறுவிய இடத்திற்கு வருகிறது. இது வரலாற்றின் தற்செயல். எவர் குறையும் அன்று. ஆயினும் ஒரு மாவட்ட அருங்காட்சியகம் தன் குழந்தைகளுக்கு எந்த விலங்கை, எந்த நிலத்தை, எந்தக் காலத்தைக் காட்ட வேண்டும் என்னும் வினாவிற்கு இத்தற்செயல் நல்ல தொடக்கமாக அமைகிறது.

சிலையும் அய்யனார் குதிரையும்

குழந்தைகளுக்குத் தொல்லுயிர் என்றவுடன் நம் நிறுவனங்கள் முதலில் நாடுவது டைனோசர் சிலையையே. சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தின் சிறுவர் பிரிவில் அத்தகைய உருவங்கள் உள்ளன. நகராட்சிப் பூங்காக்களிலும் பொருட்காட்சிகளிலும் அவற்றின் உறவினங்கள் பெருகியுள்ளன. இவற்றைக் குழந்தைகள் விரும்புகின்றனர் என்பதில் ஐயமில்லை. அவ்விருப்பத்தை ஏளனம் செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. வியப்பின்றிக் கல்வி தொடங்குவதில்லை. அந்த வியப்பு எதன்மீது நிற்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

அறந்தாங்கிக்கு வடக்கே, கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் உள்ளது. அங்குள்ள குதிரைச் சிலை முப்பது அடிக்கு மேல் உயரமானது. மாசிமகத்தன்று அதற்குக் காகித மாலைகள் மலைபோல் சாத்தப்படுகின்றன. இவ்வட்டாரக் குழந்தை பேருருவ விலங்கு ஒன்றை முதன்முதலில் காண்பது அருங்காட்சியகத்தில் அன்று, அய்யனார் கோயிலிலேயே. அக்குதிரையின் உயரம் எந்தக் குதிரையையும் அளந்து பெற்றதன்று. அது அய்யனாரின் ஊர்தி. அதன் பெருமை அவ்வுயரத்தில் உள்ளது. அதனிடம் எவரும் சான்று கேட்பதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அதன் பணி வேறு.

டைனோசர் சிலையின் பணி அதுவன்று. உயரம் ஏன் இவ்வளவு, தோல் ஏன் பச்சை, வால் ஏன் தரையில் கிடக்கிறது என்னும் வினாக்களுக்கு அது விடை சொல்லியாக வேண்டும். விடை சொல்லாதபோது அது நம்பிக்கை நீங்கிய அய்யனார் குதிரையாகிவிடுகிறது: பெரியது, பழையது, நிழற்படம் எடுத்துக்கொள்ள ஏற்றது. சுதைச் சிற்பியின் குதிரைக்காவது ஒரு மரபு இருக்கிறது. பூங்காவின் சிமெண்டு விலங்குக்கோ மரபும் இல்லை, சான்றும் இல்லை.

இக்குறை நமக்கே உரியதன்று. 1854இல் இலண்டன் கிறிஸ்டல் பேலஸ் பூங்காவில் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ், ரிச்சர்டு ஓவனின் அறிவுரையோடு டைனோசர் உருவங்களை அமைத்தார். உலகில் முதன்முதலாக முழு அளவில் அமைந்தவை அவை. அவற்றுள் இகுவானடான் என்னும் விலங்கு நான்கு கால்களில் நிற்கும்; மூக்கின்மேல் காண்டாமிருகத்தைப்போல் ஒரு கொம்பு இருக்கும். 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் முழுமையான எலும்புக்கூடுகள் கிடைத்தபின் அக்கொம்பு மூக்குக்கு உரியதன்று, கைப்பெருவிரலின் கூர்முனை எனத் தெளிவாயிற்று. சிலைகள் இன்றும் பழைய உருவிலேயே நிற்கின்றன. அவற்றை இடிக்காமல் விட்டது நன்று. மூக்கில் இருந்த எலும்பு கைக்கு எப்படி வந்தது என்னும் கதையைக் கேட்ட குழந்தை, எலும்பிலிருந்து உருவத்தை ஊகிப்பது ஒரு வேலை, அவ்வேலையில் தவறும் திருத்தமும் உண்டு என்பதைப் புரிந்துகொள்கிறது. அறிவியல் முறை குறித்து நம் பாடநூல்கள் பல பக்கங்களில் சொல்ல முயல்வதை ஒரு கட்டைவிரல் சொல்லிவிடுகிறது.

இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1905 முதல் இருந்த டிப்லோடோகஸின் சாந்து வார்ப்பும் இவ்வகையில் பாடமாகிறது. தரையில் இழுபட்டுக் கிடந்த அதன் வால் பிற்கால ஆய்வுகளின் அடிப்படையில் 1993இல் உயர்த்தி அமைக்கப்பட்டது. 2017இல் அவ்வார்ப்பே முதன்மைக் கூடத்திலிருந்து அகற்றப்பட்டு, அவ்விடத்தில் நீலத்திமிங்கலம் ஒன்றின் மெய்யான எலும்புக்கூடு தொங்கவிடப்பட்டது. அழிந்துபோன விலங்கின் வார்ப்பைவிட, அழியும் நிலையைத் தொட்டு மீண்ட விலங்கின் எலும்பு முதலிடம் பெறத்தக்கது என்று அவ்வருங்காட்சியகம் முடிவு செய்தது. எழும்பூரில் திமிங்கலத்தின் எலும்புக்கூடும் யானையின் எலும்புக்கூடும் நெடுங்காலமாகவே உள்ளன. எனினும் சிறுவர் பிரிவின் கவர்ச்சி சிலைகளுக்கும், பெரியவர் பிரிவின் அமைதி எலும்புகளுக்கும் எனப் பங்கிடப்பட்டிருப்பதே இங்குச் சுட்டப்படும் குறை. இரண்டையும் அருகருகே வைத்தால் போதும். பாதிப் பாடம் தானே நடக்கும்.

எலும்பில்லாத பேருயிர்

தமிழ்நிலத்திற்கு உரிய டைனோசர் உண்டா என்னும் வினா குழந்தைகளிடமிருந்து தவறாது எழுகிறது. விடை, ஆம் என்பதே. ஆனால் அவ்விடை ஒரு விந்தையான இழப்பையும் உடன்கொண்டுள்ளது. அரியலூர்ப் பகுதியின் கள்ளமேட்டில் கிடைத்த எலும்புகளை யாதகிரியும் அய்யாசாமியும் 1987ஆம் ஆண்டிட்ட கட்டுரையில் விவரித்து, புருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர். பேருடலி என்பது அப்பெயரின் பொருள். முதலில் அது ஊனுண்ணி எனக் கருதப்பட்டது. பிறகு நெடுங்கழுத்துத் தாவர உண்ணி என்றனர். இன்னும் சிலர் அது எலும்பே அன்று, கல்மரமாக இருக்கலாம் என ஐயுற்றனர். கணைக்காலெலும்பு மட்டும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் என விவரிக்கப்பட்ட அவ்வுயிரின் எலும்புகள் பின்னர் உடைந்து சிதைந்து இல்லாமற்போயின என்பதை 2017இல் வெளியான ஒரு கட்டுரை பதிவு செய்தது. 2022இல் பழைய நிழற்படங்கள் சில வெளியிடப்பட்டு, அவை எலும்புகளே என்னும் கருத்துக்கு வலுச்சேர்த்தன.

உலகின் மிகப்பெரிய நிலவிலங்குகளுள் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய ஓர் உயிர் நம் மண்ணில் கிடைத்தது. காட்டுவதற்கு இன்று ஓர் எலும்புத் துண்டும் இல்லை. இதைவிடச் சிறந்த காட்சிப்பொருள் ஏது? வெற்றுப் பேழை ஒன்றில் இரண்டு மீட்டர் நீளக் கோடு ஒன்றை வரைந்து, பக்கத்தில் ஐந்தாம் வகுப்புக் குழந்தையின் உயரத்தையும் குறித்து, இவ்வெலும்பு எப்படி இல்லாமற்போனது என எழுதி வைக்கலாம். புதைபடிவம் கல்லாகவே இருந்தாலும் நிலைத்தது அன்று, அதைக் காக்க வேண்டும் என்னும் உணர்வு அப்போது அறிவுரையாக அன்றி இழப்பாகவே குழந்தைக்குப் புலப்படும். மெய்யான எலும்புகளைக் கோத்து நிறுத்திய டைனோசர்களைக் காண நம் குழந்தைகள் ஐதராபாத் பிர்லா அறிவியல் மையத்தின் கோட்டாசாரஸையோ கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பாராபாசாரஸையோ நாடிச் செல்ல வேண்டியுள்ளது. கோட்டாசாரஸுக்குப் பெயரிட்டவரும் அதே யாதகிரியே. ஒன்று எழுந்து நிற்கிறது, மற்றொன்று மண்ணாயிற்று.

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளின் பெருஞ்செல்வம் டைனோசர் அன்று, கடல்வாழ் சிற்றுயிர்களே. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை அங்குக் கடல் பலமுறை ஏறி இறங்கியது. அக்கடலின் அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் 1840களிலேயே திரட்டப்பட்டு, ஸ்டோலிச்கா போன்றோரால் விரிவாக விவரிக்கப்பட்டன. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்றும் அமைந்துள்ளது. ஆயினும் பொதுமனத்தில் டைனோசர் மட்டுமே தங்கியிருப்பதன் விளைவை 2020 அக்டோபரில் கண்டோம். பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் எனச் சமூக ஊடகங்களில் பரவின. நிலவியலாளர்கள் அவை கடற்படிவுகள் சார்ந்தவை என விளக்க வேண்டியதாயிற்று. அம்மோனைட்டு என்பது சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த, கணவாய்க்கு உறவான உயிர் என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லியிருந்தால் அச்செய்தி அத்துணை விரைவாகப் பரவியிராது. பலர் வீட்டுப் பூசையறையில் உள்ள சாளக்கிராமமும் இமயத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட்டுப் படிவமே. வீட்டில் உள்ளதையும் வயலில் கிடைப்பதையும் பேழையில் இருப்பதையும் இணைத்துச் சொல்லும் ஒரு வாக்கியம் நம் விளக்க அட்டைகளில் இல்லை.

விளக்க அட்டையின் தமிழ்

நம் அரசு அருங்காட்சியகங்களில் பரவலாகக் காணப்படும் விளக்க அட்டை மூன்று வரிகளால் ஆனது: தமிழ்ப்பெயர், ஆங்கிலப்பெயர், அறிவியற்பெயர். இம்மூன்றும் பெயர்களே, வினைச்சொல் ஒன்றும் இல்லை. ஒரு மொழியில் வினையின்றி அறிவைக் கடத்த முடியுமா என்பது தமிழாய்வாளர் எழுப்ப வேண்டிய வினா. விலங்கு என்ன செய்தது, எப்படி நின்றது, எதைத் தின்றது, எங்குக் கிடைத்தது, யார் எடுத்தார் என்பன வினைகளால் சொல்லப்படுவன. பெ. நா. அப்புஸ்வாமி முதலானோர் அறிவியலைச் சிறார்க்குத் தெளிந்த தமிழ் உரைநடையில் எழுதிக் காட்டி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அவ்வுரைநடை நூலகத்தில் நின்றுவிட்டது, அருங்காட்சியகத்திற்குள் நுழையவில்லை.

கலைச்சொல் தேர்விலும் சிக்கல் உள்ளது. புதைபடிவம், தொல்லெச்சம், தொல்லுயிர்ப்படிவம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. அவை தேவையானவையே. ஆனால் மக்கள் தாமே ஆக்கிக்கொண்ட சொல் ஒன்று உண்டு: கல்மரம். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலும் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரிலும் கிடக்கும் கல்லான அடிமரங்களை அப்பகுதியினர் அப்படியே அழைக்கின்றனர். கல், மரம் என்னும் இரண்டு எளிய சொற்கள் சேரும்போது அதில் ஒரு புதிர் பிறக்கிறது. மரம் எப்படிக் கல்லாகும் என்று குழந்தை கேட்கிறது. மரத்தின் திசுக்களுக்குள் நிலத்தடி நீர் கொண்டுவந்த சிலிக்கா படிந்து, மரப்பொருளின் இடத்தைச் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டது என்பது விடை. புதைபடிவம் என்னும் சொல் விடையை முன்பே சொல்லிவிடுகிறது. கல்மரம் வினாவை எழுப்புகிறது. சிறார்க்கான காட்சியில் வினாவை எழுப்பும் சொல் முன்னும், விடையைச் சுருக்கும் சொல் பின்னும் வரல் வேண்டும்.

மற்றொரு சொல் இதைவிடக் கேடு விளைவிக்கிறது. வரலாற்றுக்கு முற்பட்ட என்னும் தொடர் கற்கால மனிதருக்கும் வழங்குகிறது, டைனோசருக்கும் வழங்குகிறது. ஒரே அடைமொழி இரண்டையும் ஒரே அறையில் அடைத்துவிட, கற்கோடரி ஏந்திய மனிதன் டைனோசரை வேட்டையாடினான் என்று குழந்தை எண்ணுகிறது. திரைப்படங்களைக் குறைகூறுவதற்கு முன் நம் அடைமொழியைத் திருத்திக்கொள்ளலாம். இராபர்ட் புருஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கோடரியும், அதே ஆண்டில் கண்டறியப்பட்ட அத்திரம்பாக்கமும் தமிழகத்தின் மனித முற்காலத்தைத் திறந்தன. அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. டைனோசர்களின் முடிவோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

இலட்சமும் கோடியும் குழந்தைக்கு ஒன்றுதான்: நிறைய. அவ்விடைவெளியைக் கண்ணுக்குக் காட்ட ஒரு வழி உண்டு. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்கு வரும் சாலையின் 33 கிலோமீட்டரை 6.6 கோடி ஆண்டுகள் எனக் கொள்வோம். ஏறத்தாழ அச்சாலையின் முழு நீளம் அது. புதுக்கோட்டையில் கடைசி டைனோசர் வீழ்கிறது. அறந்தாங்கிப் பேருந்து நிலையம் இன்று. திருவக்கரை மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடையவை எனக் கொண்டால், அவை ஊருக்கு 10 கிலோமீட்டர் முன்பு வருகின்றன. அத்திரம்பாக்கத்து மனிதர் பேருந்து நிலையத்திற்கு 750 மீட்டர் முன்புதான் தோன்றுகின்றனர். சங்ககாலம் பேருந்தின் படியருகே, ஒரு மீட்டரில். புதுக்கோட்டை அருங்காட்சியகத்தின் முழு வயதும் ஆறு சென்டிமீட்டருக்கு உட்பட்டது. திரும்பிச் செல்லும் பேருந்திலேயே நடத்தக்கூடிய இப்பாடத்திற்குத் தேவையானது நுழைவாயிலில் ஒரு சாலை வரைபடம் மட்டுமே. கால அளவையை மில்லியன் என எழுதாமல் இலட்சம், கோடி என எழுதுவதும் சிறிய செயலன்று. குழந்தை எண்ணக் கற்ற மொழி அது.

எலும்பை வாசித்தல்

தொல்லுயிரியலின் அடிப்படை எலும்பு வாசிப்பு. அதைக் கற்பிக்கப் பாடம் செய்யப்பட்ட விலங்கு உதவாது. தோலுக்குள் வைக்கோலும் கம்பியும் வைத்து நிறுத்தப்பட்ட சிறுத்தை, சிறுத்தையின் தோற்றத்தைக் காட்டுகிறது. அதன் அமைப்பை மறைக்கிறது. உப்புநீரும் பூச்சியும் தின்று வெளிறிய முகத்தோடு அது பல பத்தாண்டுகள் நின்றபின் தோற்றத்தையும் காட்டுவதில்லை. (தமிழகத்தில் பாடம் செய்யப்பட்ட விலங்குகளின் கண்ணாடிக் கண்கள் பலவும் ஒன்றையொன்று பார்க்காமல் வெவ்வேறு திசையில் நோக்குவது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.)

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூல் அமைப்பு ஒத்த உறுப்புகள், செயல் ஒத்த உறுப்புகள், எச்ச உறுப்புகள் எனப் பகுத்துரைக்கிறது. தேர்வில் இவற்றை எழுதாத மாணவர் இலர். ஆனால் மாட்டின் குளம்பைப் பார்த்து இது எந்த விரல் எனக் கேட்டால் விடை வருவதில்லை. மாட்டுக்கு லாடம் அடிப்பவர் ஒரு காலுக்கு இரண்டு துண்டு அடிப்பார். குதிரைக்கு ஒன்றே அடிப்பார். ஏனெனில் மாடு மூன்றாம், நான்காம் விரல்களின் நுனியில் நிற்கிறது. குதிரை நடுவிரல் ஒன்றின் நுனியில் நிற்கிறது. குளம்பு என்பது நகம். நாம் முழங்கால் என்று நினைக்கும் மாட்டின் முன்கால் மடிப்பு உண்மையில் அதன் மணிக்கட்டு. லாடக்காரரின் கைவேலையில் ஒளிந்திருக்கும் இவ்வறிவை வெளிக்கொணர ஒரு பசுவின் முன்கால் எலும்பும் ஒரு மனிதக் கையெலும்பின் வார்ப்பும் போதும். இறைச்சிக் கடையில் நல்லி, நெஞ்செலும்பு, ஆட்டுக்கால் எனப் பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்த குழந்தைக்கு உடலமைப்பு அயலான துறை அன்று. அதன் சொல்வளம் அருங்காட்சியகத்தின் வாசலில் கழற்றி வைக்கப்படுகிறது என்பதே நம் இழப்பு.

கழுத்தெலும்புகளை எண்ணும் ஒரு பயிற்சியைச் சுட்டலாம். ஆட்டுக்கு ஏழு, மனிதனுக்கு ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு, கழுத்தே இல்லாததுபோல் தோன்றும் திமிங்கலத்திற்கும் ஏழு. கோழிக்கோ ஏறத்தாழ அதன் இருமடங்கு. ஒரே எண் இத்துணை வேறுபட்ட உடல்களில் திரும்பத் திரும்ப வருவது ஏன் என்னும் வினாவைக் குழந்தை தானே கேட்கும். பொது முன்னோர் என்னும் விடைக்கு அப்போது தேவை பிறந்துவிடும். கோழியின் எலும்புக்கூட்டை டைனோசர் சிலையின் காலடியில் வைப்பதும் அவ்வாறே பயன் தரும். கோழியின் நெஞ்சில் உள்ள கவட்டெலும்பு ஊனுண்ணி டைனோசர்களுக்கும் இருந்தது. பறவைகள் அக்கிளையின் வழிவந்தவை என்பதற்கான சான்றுகளுள் அதுவும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை உணவில் டைனோசரின் உறவினம் இருக்கிறது என்று சொன்னால் வகுப்பறை சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் அடுத்த வாரம் எலும்பைக் கழுவி எடுத்துவரும்.

இவ்விடத்தில் தமிழ் மரபின் வகைப்பாட்டையும் எண்ணிப் பார்த்தல் தகும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை புலனறிவால் பகுக்கிறது. பார்ப்பு, பறழ், குருளை, கன்று முதலாக இளமைப்பெயர்களைத் தொகுத்து எந்த விலங்குக்கு எது உரியது என வகுக்கிறது. இது நுண்ணிய நோக்கின் விளைவு. வெளியே காணப்படும் வாழ்வை அடிப்படையாகக் கொண்டது. எலும்பு சார்ந்த வகைப்பாடு உள்ளே பார்க்கிறது. ஒன்றை மற்றொன்றின் முன்னோடி எனப் பெருமை பேசுவதும், ஒன்றை அறியாமை எனத் தள்ளுவதும் ஒருசேரத் தவறு. இரண்டும் ஒரே விலங்கை இருவேறு வினாக்களோடு அணுகுகின்றன. அவ்விரு வினாக்களும் மோதும் இடமே குழந்தைக்குச் சுவையானது. அறந்தாங்கிக் கரையில் அம்மோதலுக்குப் பொருத்தமான ஒரு விலங்கு வாழ்கிறது.

ஆவுளியா

பாக் நீரிணையின் கடற்புல் வெளிகளில் மேயும் விலங்கைத் தமிழர் கடற்பசு என்றும் ஆவுளியா என்றும் அழைக்கின்றனர். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்விலங்குக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. வளர்ந்த கடற்பசு மூன்று மீட்டர் நீளம் வரை இருக்கும். மேய்வதால் பசு; கடலில் மேய்வதால் கடற்பசு. பெயரிட்டவர் வாழ்வைப் பார்த்துப் பெயரிட்டார், பெயர் பொருத்தமானதே.

எலும்பு வேறு கதை சொல்கிறது. கடற்பசுவின் நெருங்கிய நிலவாழ் உறவினம் யானை. வளர்ந்த ஆண் கடற்பசுவிற்கு யானையைப்போல் தந்தமும் உண்டு. அப்படியானால் கடலில் பசுவின் உறவினம் எது? திமிங்கலம். திமிங்கலத்தின் முன்னோர் குளம்புள்ள விலங்குகள் என்பதற்கான வலுவான சான்றுகளுள் ஒன்று, காசுமீரின் காலாகோட்டில் ஏ. ரங்கா ராவ் திரட்டிய படிவங்களிலிருந்து பிற்காலத்தில் வெளிப்பட்ட இந்தோகயஸ் என்னும் சிறுவிலங்கு. மான்குட்டி போன்ற அவ்விலங்கின் காதெலும்பு திமிங்கலங்களுக்கே உரிய தடிப்பைக் கொண்டிருந்ததை 2007இல் தெவிசனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டனர். கடற்பசு பசுவின் உறவினம் அன்று, திமிங்கலமே பசுவின் உறவினம் என்னும் இவ்வொரு செய்தி, பரிணாமம் குறித்த நூறு படங்களைவிட ஆழமாகக் குழந்தை மனத்தில் இறங்கும். அது தனக்குத் தெரிந்த மூன்று பெயர்களை இடம் மாற்றி வைக்கிறது.

கடற்பசுவின் எலும்புக்கூட்டில் குழந்தை தானே கண்டுபிடிக்கக்கூடியவை பல. துடுப்புக்குள் ஐந்து விரல்கள். கழுத்தில் ஏழு எலும்புகள். பின்கால்கள் இல்லை, ஆனால் இடுப்பெலும்பின் சிறு எச்சம் தசைக்குள் தனித்து நிற்கிறது. ஒருகாலத்தில் கால்கள் இருந்தன என்பதற்கு யமைக்காவில் கிடைத்த, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையுடைய பெசோசைரன் சான்று: நான்கு கால்களால் நடந்த கடற்பசு அது. கட்சுப் பகுதியிலும் தொன்மையான கடற்பசுப் படிவங்கள் கிடைத்துள்ளன. விலா எலும்பு மச்சையற்றுத் திண்ணென்று கனக்கிறது. மூழ்கி மேயும் உடலுக்கு அது எடைக்கல். அதே தடிமன் கொண்ட ஆட்டு விலா ஒன்றையும் இதையும் இரு கைகளில் ஏந்திப் பார்க்கும் குழந்தைக்கு விளக்க அட்டையே தேவைப்படாது. முகவெலும்பு கீழ்நோக்கி வளைந்திருப்பது ஏன் என்பதைத் தரைப்புல் மேயும் வாயின் நிலையிலிருந்து அது ஊகித்துவிடும். மூக்குக்கொம்பைக் கைக்கு மாற்றிய பெர்னிசார்ட் ஆய்வாளர்கள் செய்த வேலைக்கும் இதற்கும் வகையால் வேறுபாடில்லை.

நடைமுறைத் தடைகளை மறைத்தல் ஆகாது. கடற்பசு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. கரையொதுங்கிய உடலின் எலும்பையும் வனத்துறையின் இசைவின்றி எவரும் வைத்திருக்க இயலாது. ஆகவே அரசு அருங்காட்சியகமே இதைச் செய்ய முடியும். பள்ளிகள் செய்ய முடியாது. மெய்யெலும்பு பேழைக்குள் இருக்க, விலாவும் துடுப்பும் மட்டும் அதே எடையில் வார்க்கப்பட்டுக் குழந்தைகளின் கைக்குத் தரப்படலாம். எடை குறைந்த நெகிழி வார்ப்பு இங்குப் பயனற்றது, ஏனெனில் அவ்வெலும்பின் செய்தியே கனம்தான். அருகில் ஓர் ஆட்டின் எலும்புக்கூடும் ஓர் யானையின் முன்காலும் இருந்தால் ஒப்பீடு நிறைவுறும். சிலை வேண்டுமெனில் கடைசியில் வரட்டும்: எலும்பைப் பார்த்துக் குழந்தைகள் வரைந்த கடற்பசுவை முதலில் மாட்டி, அதன்பின் சிற்பியின் கடற்பசுவைக் காட்டலாம். எது எங்குத் தவறியது என்று அவர்களே சொல்வர்.

விளக்க அட்டையின் தலைப்பாக ஆவுளியா என்னும் பெயர் பெரிய எழுத்தில் அமைவது தகும். கடற்பசு அதன் கீழ். அறிவியற்பெயர் அதற்கும் கீழ். அட்டையின் வரைவை அச்சிடுமுன் கோட்டைப்பட்டினத்திலோ மணமேல்குடியிலோ, வலையில் சிக்கிய ஆவுளியாவை அறுத்து விடுவித்த அனுபவமுள்ள மீனவர் ஒருவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அது மூச்சுவிட மேலே வரும் இடைவெளி, புல்லை வேரோடு பறித்துத் தின்றபின் அடித்தரையில் விட்டுச்செல்லும் தடம், கன்றோடு நீந்தும் முறை ஆகியவற்றை அவர் திருத்தக்கூடும். அத்திருத்தங்களும், திருத்தியவர் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்பதும் அட்டையில் இடம்பெறலாம்.